எழுத்தில்லாக் கற்களின் சான்று



திருக்கோவிலூர்ப் பகுதியில் உள்ள ஜம்பை மலைக்குகையில் 1981ஆம் ஆண்டு ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்த பாளி என்பது அதன் செய்தி. பாளி என்பது துறவியர் உறைவிடம்; அது சமண முனிவர்க்கு அளிக்கப்பட்டது என்பர் அறிஞர். ஒரே வரியால் கொடுத்தவர் பெயரும் கொடையும் ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து விளங்குகின்றன.

எழுத்தே அறியாத மாந்தரின் வாழ்வை எவ்வாறு அறிவது? தமிழகத்தில் அவர்தம் காலமே மிக நெடிது. 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்த கற்கருவி அத்தொன்மையை முதலில் உணர்த்திற்று. பின்னர் அதிரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை எனக் கணிக்கப்பட்டன. அந்நெடுங்காலத்தின் வரலாற்றை மண்ணிலும் கல்லிலும் தேடுவதே தொல்லியல்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே விளங்கும் கல்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். சேர்வராயன், சவ்வாது மலைகளைப் போலவே இங்கும் புதிய கற்காலக் கற்கோடரிகள் கிடைத்துள்ளன. மலைவாழ் மக்கள் அவற்றைத் தெய்வமாக வைத்து வழிபடுவதும் உண்டு. கடினமான கல்லைச் செதுக்கி, கொத்திச் சமன்செய்து, பாறையில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியவை அவை. அத்தகைய உழைப்பு, காடு திருத்தி ஓரிடத்தில் நிலைத்து வாழத் தலைப்பட்ட மக்களை நினைவூட்டுகிறது. திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் நிகழ்த்திய அகழாய்வில் கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. கோடரி ஏந்திய கை பயிரும் விளைத்தது என்பதற்கு அத்தானியங்களே சான்று.

அடுத்துக் கற்திட்டைகள். பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே பெரிய மூடுகல் ஏற்றிய ஈமச் சின்னங்கள் இவை. குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் மக்கள் அழைப்பர். அம்மூடுகல்லைத் தனியொருவர் ஏற்ற இயலாது. பலரைக் கூட்டி வேலை வாங்கவும், அவர்க்கு உணவு அளிக்கவும் வல்ல ஒரு சமுதாயம் இருந்திருத்தல் வேண்டும். ஈமச் சின்னங்களுள் மட்கலமும் கருவியும் வைக்கப்பட்டமை, இறந்தார்க்கு அவை வேண்டும் என்னும் நம்பிக்கையைக் காட்டுகிறது. இவ்வாறு பொருளிலிருந்து செயலையும், செயலிலிருந்து எண்ணத்தையும் உய்த்துணர்வதே ஆய்வு நெறி.

இந்நெறிக்கு அடிப்படை ஒன்றுண்டு. எழுத்துள்ள கல்லை வேறிடம் கொண்டு சென்றாலும் அது ஓரளவு பேசும். எழுத்தில்லாக் கல்லோ, தான் கிடந்த இடத்தில் கிடந்தால்தான் பேசும். எம்மண்ணடுக்கில், எக்கலத்தின் அருகில், எக்கரித்துண்டுடன் கிடந்தது என்பதே அதன் வாக்குமூலம். உடன் கிடந்த கரியைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். பெயர்த்தெடுத்தபின் அது வெறுங்கல்லே.

கல்லுடைப்பதற்காகக் கல்வட்டங்கள் சிதைக்கப்படுகின்றன. புதையல் ஆசையால் ஈமக்குழிகள் தோண்டப்படுகின்றன. பொன் தேடுவோர் கலத்தை உடைத்து எறிகின்றனர். உடைந்தது கலம் மட்டுமன்று, ஒரு குடியின் ஒரே சான்றும் உடைந்தது. ஆதலின் நிலத்தில் பழம்பொருள் தென்படின், அதனை அசைக்காது வட்டாட்சியர்க்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவித்தல் நன்று. மண்ணில் புதைந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளை மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம்.

ஜம்பைக் கல்வெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பெற்றோர், அதே பயணத்தில் ஒரு கற்திட்டையையும் காட்டுவாராக. பெயர் பொறித்த முன்னோரும் முன்னோர். பெயரின்றிக் கல் ஏற்றிச் சென்றோரும் முன்னோரே.