காணவில்லை: யார் தேடுவது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைய பேச்சுக்குக் காரணம் நம் சங்கத்து இளைஞர்கள்தாம். கூட்டம் முடிந்தபின் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, துலங்காத கொலை வழக்குகளை மணிக்கணக்கில் அலசுகிறார்கள். யார் செய்திருப்பான், எந்தத் தடயத்தைப் போலீசார் கோட்டை விட்டார்கள் என்று ஆளுக்கொரு கட்சி. பெரியவர்கள் சிலர் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். நாம் சுளிக்கவில்லை. இது புதிய வியாதியும் அல்லவே! 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் 'இந்து நேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு மறுநாள் இறந்தபோது, தமிழ்நாட்டுத் திண்ணைகளெல்லாம் துப்பறியும் நிலையங்களாயின. தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் தண்டனை பெற்றுச் சிறையில் கிடந்து, வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். அப்படியானால் கொன்றது யார்? சட்டத்திடம் விடையில்லை. நம் தாத்தாக்களிடம் மட்டும் ஆளுக்கு ஒன்று இருந்தது.

ஆகவே ஆர்வம் இருக்கட்டும். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே நாம் இன்று பேச வந்த விஷயம். அதற்கு நாம் வாழும் இந்தப் புனே நகரத்தின் கதை ஒன்று போதும்.

நாற்பது ஐம்பது ஆண்டுகளாக இங்கே இருப்பவர்களிடம் 1976ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அக்டோபர் 31 இரவு விஜயநகர் காலனியில் ஜோஷி குடும்பத்தில் மூவர் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 1 இரவு பண்டார்க்கர் சாலையில் வடமொழிப் பேரறிஞர் காசிநாத சாஸ்திரி அப்யங்கர் வீட்டில் ஐவர். முதியவரும் அவர் மனைவியும், பேரனும் பேத்தியும், வீட்டு வேலைக்கு இருந்த அம்மையாரும். எல்லாம் நைலான் கயிற்றால் கழுத்தை இறுக்கிச் செய்தவை. பொழுது சாய்ந்தால் ஊர் கதவடைத்தது. 1977 மார்ச்சில் அனில் கோகலே என்ற இளைஞரின் உடல் ஆற்றிலிருந்து வெளிவந்தபோதுதான் கொலைகாரர்களின் வாய் திறந்தது. ராஜேந்திர ஜக்கல், திலீப் சுதார், சாந்தாராம் ஜக்தாப், முனவர் ஷா. திலகர் சாலையிலுள்ள அபிநவ கலா மகாவித்யாலயத்தின் மாணவர்கள்! கூட்டாளி ஒருவன் அப்ரூவராக மாறினான். 1978 செப்டம்பரில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்ய, 1983 நவம்பர் 27 அன்று எரவாடா சிறையில் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். படமும் எடுத்தார்கள். ஊரார் இந்த வழக்கை 'ஜோஷி–அப்யங்கர் கொலைகள்' என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது.

முதலில் இறந்தவர் பிரகாஷ் ஹெக்டே. அதே கல்லூரி மாணவர். பெயரே சொல்கிறது, தென்னாட்டுக் குடும்பம். தந்தை கல்லூரிக்குப் பின்புறம் ஹோட்டல் நடத்தி வந்தார். 1976 ஜனவரி நடுவில், அதாவது ஜோஷி வீட்டுக் கொலைகளுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னரே, பழகிய நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று போனவர் திரும்பவில்லை. வீட்டைவிட்டுப் போவதாக அவர் கையாலேயே ஒரு கடிதம் எழுத வைத்தார்கள். பிறகு கழுத்தை நெரித்து, உடலை இரும்புப் பீப்பாயில் கற்களோடு அடைத்து, பேஷ்வே பூங்கா ஏரியில் இறக்கிவிட்டார்கள். அடுத்து தந்தைக்குப் பணம் கேட்டுக் கடிதம் வந்தது. பீப்பாய் வெளியே வந்தது, கொலைகாரர்கள் பிடிபட்டபின் 1977இல். ஓராண்டுக்கு மேலாக அந்த இளைஞர் ஊர்க் கணக்கில் இறந்தவரும் அல்லர், இருப்பவரும் அல்லர், காணாமற் போனவர்.

தோழர்களே, அந்த இடைவெளியில்தான் மற்ற ஒன்பது உயிர்களும் போயின. போலீசார் தூங்கினார்கள் என்று நாம் இன்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. காணாமற் போனது அந்த ஒரு குடும்பத்தின் துயரமாகவே நின்றது. பங்களாக்களில் பிணம் விழுந்த பிறகே அது நகரத்தின் அச்சமாயிற்று. ஒருவன் வந்தேறியாக இருந்தால், அவன் மகன் காணாமற் போவது செய்தியாவதற்கே கூடுதல் காலம் பிடிக்கிறது. இதை நாம் அறிவோம்.

அதே 1976இல், அதே நெருக்கடி நிலையில், கேரளத்தில் இன்னொரு மாணவர் காணாமற் போனார். கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன். மார்ச் முதல் தேதி விடியற்காலையில் போலீசார் விடுதியிலிருந்து அழைத்துச் சென்றார்கள். அவருடைய தந்தை ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். துப்பறிதலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் நாம் அறிந்தவரை அவரைப் போன்ற துப்பறிவாளர் இல்லை. கக்கயம் முகாமின் வாசலில் போய் நின்றார். அமைச்சர்களின் வீட்டுப் படியேறினார். யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுச் சேர்த்தார். நெருக்கடி நிலை விலகியதும் 1977 மார்ச்சில் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 'அப்படி ஒருவரைக் கைது செய்யவே இல்லை' என்றது அரசு. நீதிமன்றம் அதை நம்பவில்லை. நெருக்கடி நிலையில் உள்துறை அமைச்சராக இருந்து, அப்போதுதான் முதலமைச்சராகியிருந்த கருணாகரன் ஒரே மாதத்தில் பதவி விலக நேர்ந்தது. ராஜன் காவலில் இறந்தது வெளிப்பட்டது. உடல் மட்டும் கிடைக்கவேயில்லை. 2006இல் வாரியர் கண்மூடும் வரை கிடைக்கவில்லை.

ஈழத்து மக்கள் நம் மொழிக்கு ஒரு சொல்லைத் தந்திருக்கிறார்கள்: 'காணாமல் ஆக்கப்பட்டோர்'. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரப் பந்தல்களில் படங்களை ஏந்தி உட்கார்ந்த தாய்மார்கள் அந்தச் சொல்லை உலகுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். 'போனார்' என்றால் போனவர் பொறுப்பு. 'ஆக்கப்பட்டார்' என்றால் ஆக்கியவன் யார் என்ற கேள்வி உடனே எழுகிறது.

நொய்டாவின் நிட்டாரிக்கு வருவோம். 2006 டிசம்பர் இறுதியில் ஒரு பங்களாவை ஒட்டிய சாக்கடையில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. பெற்றோர் பலர் பிழைக்க வந்த கூலிகள், வீட்டு வேலை செய்பவர்கள். குழந்தையைக் காணோம் என்று காவல் நிலையத்துக்கு நடந்து நடந்து தேய்ந்தவர்கள். 'எங்காவது ஓடியிருக்கும்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். எலும்பு வந்த பிறகு நாடே துடித்தது. தூக்குத் தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம், புலன்விசாரணையைக் கடுமையாகச் சாடி, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. 2025இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்று, எஞ்சியிருந்த ஒரு வழக்கிலும் நவம்பரில் விடுதலை தந்தது. ஆக, அதுவும் இப்போது துலங்காத வழக்கு. நம் இளைஞர்கள் அதையும் அலசுகிறார்கள். அலசட்டும். ஆனால் முதல் புகாரை முதல் நாளே எழுதி வாங்கியிருந்தால், அலச இவ்வளவு எலும்புகள் இருந்திருக்குமா என்பதையும் சேர்த்து அலச வேண்டும்.

பொழுதுபோக்குத் துப்பறிதல் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கைபேசிக்குக் கைபேசி வதந்தி தாவியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோவிலுக்கு வந்த குடும்பத்து மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்று அடித்தே கொன்றார்கள். ஜூலை முதல் தேதி இதே மகாராஷ்டிரத்தில், துளே மாவட்டம் ராயின்பாடாவில், பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தவர் ஐவரை ஊராட்சி அலுவலக அறையில் வைத்து அடித்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் எல்லோரும் தங்களைத் துப்பறிவாளர்களாகவே எண்ணிக்கொண்டார்கள்! முகம் புதிது, பேச்சு வேறு, அவ்வளவுதான் தடயம். அந்தத் தடயத்தின்படி பார்த்தால் இந்தக் கூட்டத்தில் தப்பக்கூடியவர் எத்தனை பேர்? புனேயின் ஜக்கல் கும்பலோ இந்த நகரத்துக் கல்லூரியிலேயே படித்துக்கொண்டிருந்தது.

சரியான வழியில் போனவரும் உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் 1968இல் கூடாரத் துணியில் சுற்றிய ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. பெயர் தெரியாமலே புதைத்தார்கள். டாட் மேத்யூஸ் என்ற ஆலைத் தொழிலாளி, வேலை முடிந்த இரவுகளில் காணாமற் போனோர் அறிவிப்புகளைப் படித்துப் படித்து, ஆண்டுக்கணக்கில் தேடி, 1998இல் அந்தப் பெண்ணின் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். கொலைகாரனைப் பிடிக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு கல்லறைக்குப் பெயர் கிடைத்தது. ஆலைத் தொழிலாளியால் முடிந்தது கடைத் தெருவிலும் தொழிற்சாலையிலும் பிழைக்கும் நம்மாலும் முடியும்.

நம்மவர் காணாமற் போனால் முதல் சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. மு. எழிலரசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே முன்னெழுத்தை விரித்துத் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுகிறார்கள். ழகரம் தேவநாகரியில் ஒரு காகிதத்தில் ளகரமாகிறது, இன்னொன்றில் 'ஜ' போல ஒலிக்கிறது. ஆதார் அட்டையில் ஒருவன், ஆலை அட்டையில் மற்றொருவன், மருத்துவமனைச் சீட்டில் மூன்றாமவன். சசூன் மருத்துவமனைப் பிணவறையில் ஓர் உடல் கிடந்தால், இந்த மூவரையும் யார் ஒருவராக்குவது? உரிமை கோராத உடலை மருத்துவக் கல்லூரிக்கு ஒப்படைக்கவும் சட்டம் இருக்கிறது.

இரண்டாவது, எல்லை. சென்னை ரயில் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் என்று தாண்டிப் போகிறது. ஏறியவர் இறங்கவில்லை என்றால் ரயில்வே போலீசார் ஊர்ப் போலீசாரிடமும், அவர்கள் இவர்களிடமும் கைகாட்டுவது பழைய வழக்கம். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று கேளுங்கள். நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் உயர் அதிகாரிக்குத் தபாலில் எழுதுங்கள். குழந்தையென்றால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று 2013இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. வயது வந்தவர் என்றால் 'மிஸ்ஸிங்' பதிவேட்டில் ஒரு வரியோடு விடுவார்கள். கடத்தல் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் அதை எழுத்தில் கொடுத்து வற்புறுத்த வேண்டும். வீட்டைவிட்டுப் போகிறேன் என்று அவர் கையெழுத்திலேயே கடிதம் இருக்கிறதே என்பார்கள். ஹெக்டேயை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் கிடைக்காவிட்டால்? ஏழாண்டு தகவலே இல்லையென்றால்தான் இறந்ததாகச் சட்டம் கொள்ளும். அதுவரை காப்பீடும் ஓய்வூதியமும் இழுபறி; மனைவிக்குத் தாலியை வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்றே தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. இதில் சிலருக்கு நம்மீது கோபம் வரலாம். தானாக விரும்பிப் போனவர்களும் காணாமற் போனோர் பட்டியலில் ஏறுகிறார்கள். சாதி கடந்து மணம் செய்துகொண்ட பெண், அடி தாங்காமல் கணவனை விட்டுப் போனவள். அவர்களைத் தேடிப் பிடித்து வீட்டாரிடம் ஒப்படைப்பது சங்கத்தின் வேலை அன்று. வயது வந்தவர் உயிரோடும் நலமாகவும் இருக்கிறார் என்று தெரிந்தால், அதை மட்டும் சொல்வோம். முகவரியைச் சொல்ல மாட்டோம்.

மேசைமேல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். தனியாகத் தங்கி வேலை செய்யும் உறுப்பினர்கள் முதலில் எழுதுங்கள். பெயரைத் தமிழிலும், ஒவ்வொரு அட்டையிலும் உள்ளபடியும் எழுத வேண்டும். பச்சை குத்தியது, தையல் தழும்பு, கட்டிய பல், கைபேசியின் பதினைந்து இலக்க எண், ஊரில் தகவல் சொல்ல வேண்டியவர் ஆகியவையும் வேண்டும். பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்கும். வாரம் ஒரு முறை அடையாளம் தெரியாத உடல்கள் பற்றிய போலீஸ் அறிவிப்புகளை இதோடு ஒப்பிட ஆட்கள் தேவை. தேநீர்க் கடைத் துப்பறிவாளர்களை இதற்கே அழைக்கிறோம். மராத்தி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருவர் உடனே வேண்டும். கட்கிக்கு ஒருவர், தேஹூ ரோடுக்கு ஒருவர். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் கலையுமுன் செயலாளரைப் பாருங்கள்.