நாற்பதில் துறை மாறலாமா?

(வாசிகசாலை ஆண்டு விழாவொன்றில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் முதியவர் ஒருவர் என் கந்தோருக்கு வந்தார். தோட்டஞ் செய்பவர், காணியை ஈடு வைத்து மகனைக் கணினித்துறையிற் படிப்பித்தவர். பதினைந்து ஆண்டுகள் மென்பொருள் எழுதிய அந்த மகன், நாற்பது வயதில் அதனை விடுத்து நிதித்துறைக்குப் போகப் போகிறாராம். “சட்டத்தில் இதற்கொரு தடை இல்லையோ, தம்பி?” என்று கேட்டார். “இல்லை ஐயா, இருந்தாலும் அதை எடுத்து வாதாட நான் வரமாட்டேன்” என்றேன்.

மகனையும் அழைத்துப் பேசினேன். கடன் வழங்கும் நிறுவனமொன்றுக்கு வட்டி கணிக்கும் மென்பொருளை எழுதியவர் அவர். கடதாசியொன்றை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். கடன் ஒரு இலட்சம் ரூபா, தவணை ஓராண்டு, வட்டி நூற்றுக்கு 24 என்று பத்திரம் கூறும். முழு முதலுக்கும் முழு ஆண்டு வட்டியைச் சேர்த்து 124,000 ரூபாவாக்கி, மாதம் 10,333 ரூபா அறவிடுவார்கள். ஆனால் ஆறாம் மாத முடிவில் முதலில் ஏறத்தாழப் பாதி திரும்பிவிட்டதே! அதற்கும் வட்டி கட்டுவதேன்? குறைந்து வரும் மீதிக்குக் கணித்தால், அந்த 24 உண்மையில் ஏறத்தாழ 42 ஆகிறது.

“என் பொறி ஒரு சதமும் பிழைக்கவில்லை, ஐயா. அதற்கு இடப்பட்ட விதிதான் பிழை. விதி வகுக்கும் மேசையில் எனக்கு இடமில்லை” என்றார் அவர்.

அன்பர்களே, இதனைச் சம்பள ஆசை என்று எவ்வாறு தள்ளுவது? 2018 ஆம் ஆண்டில், வறட்சியுற்ற மாவட்டங்களிலே பெண்கள் பட்ட நுண்கடன்களுள் ஒரு பகுதியை அரசே பொறுப்பேற்க நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. நம் ஊர்களில் வைத்தியர் உளர், பொறியியலாளர் உளர், சட்டத்தரணிகளோ தேவைக்கு மேல் உளர். கடன் பத்திரத்தைப் படித்து, அதன் மெய்யான வட்டியைச் சொல்ல வல்லார் எத்தனை பேர்?

இவ்விரு துறைகளும் ஒன்றுக்கொன்று அந்நியமானவையும் அல்ல. கொழும்புப் பங்குச் சந்தை 1997 ஆம் ஆண்டிலேயே கணினி வழி வாணிபத்துக்கு மாறிற்று. இந்நாட்டில் தோன்றிய மிலேனியம் ஐ.ரி. நிறுவனத்தை இலண்டன் பங்குச் சந்தை 2009 ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கி, 2011 ஆம் ஆண்டில் தன் வாணிபத்தையே அதன் மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டது.

தோட்டக்காரராகிய உங்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. 1970களில் இறக்குமதி கட்டுப்பட்டிருந்தபோது மிளகாயும் வெங்காயமும் நம்மை வாழவைத்தன. 1977 ஆம் ஆண்டின் பின் சந்தை திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. அப்போது பயிரை மாற்றியவர்கள் கிணற்றையும் மாற்றினார்களா?

ஆயினும் துணிவு மாத்திரம் போதாது. ஐந்தொகை படிக்கத் தெரியாதவர் மென்பொருள் அறிவைக் கொண்டு மாத்திரம் நிதித்துறையில் நிலைத்தல் அரிது. சி.எப்.ஏ. எனப்படும் பரீட்சை மூன்று படிகளையுடையது. உத்தியோகம் பார்த்துக்கொண்டே படிப்போருக்கு ஆண்டுகள் செல்லும். புதிய இடத்துச் சம்பளமும் தொடக்கத்தில் குறையக்கூடும். ஓராண்டு வீட்டுச் செலவைக் கைவசம் வையாது புறப்படுதல் மனைவி மக்களுக்குச் செய்யும் அநீதி.

சட்டத்தரணி என்ற முறையில் ஒன்று சொல்வேன். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் உரித்து. நமது நண்பர் அந்த நிறுவனத்தில் நான்கு ஆண்டும் பத்து மாதமும் முடித்திருந்தார். விலகற் கடிதமோ சட்டைப் பையில் இருந்தது! இரண்டரை மாதச் சம்பளம் இரண்டு மாதப் பொறுமையில் தங்கியிருந்தது. கடிதத்தை மடித்து உள்ளே வைக்கச் சொன்னேன்.

தகப்பனார் இவை யாவற்றையும் கேட்டிருந்தார். “சம்பளம் குறையுமோ?” என்றார். “சில காலம் குறையும்” என்றார் மகன். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மடிக்குள்ளிருந்து, உழவு இயந்திரத்துக்குத் தாம் பட்ட கடனின் பத்திரத்தை எடுத்து மகனிடம் நீட்டினார்.

“அந்தக் கணக்கை இதற்கும் ஒருக்காப் போட்டுப் பார்” என்றார்.