பாரம் இறங்கிய பிறகு



யோவான் எழுதிய முதலாம் நிருபத்தின் முதல் அதிகாரம், தன்னிடம் பாவமில்லை என்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான் என்கிறது. மூன்றாம் அதிகாரமோ, தேவனிடத்தில் பிறந்தவனிடம் பாவத்துக்கு இடமே இல்லை என்று அடித்துச் சொல்கிறது. எரேமியா 17இல் மனித இருதயத்தைப் போலத் திருக்குள்ளது வேறில்லை. மத்தேயு 5இல் இருதய சுத்தமுள்ளவர்களை இயேசு வாழ்த்துகிறார். அப்படி ஒருவரும் இல்லையென்றால் அவர் வாழ்த்தியது யாரை?

இந்த முரண்களை வைத்து வேதத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவர்களைவிட, இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்ட நம் சபையாரைப் பற்றித்தான் கவலை. ரட்சிக்கப்பட்டவன் என்று சொல்லிக்கொண்டே வட்டியில் ஏழையைப் பிழிகிறவர் ஒருபுறம். கன்வென்ஷன் பந்தலில் வருடா வருடம் முன்னால் போய் அழுதும், தனக்கு மன்னிப்பில்லை என்றே நம்பும் தாய் மறுபுறம். இந்தத் தாயை நினைத்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்த முரணை விளங்கிக்கொள்ள நம் நெல்லைச் சீமையிலேயே துணை இருக்கிறது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழ் கற்பித்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். கம்பனில் ஊறிய அவர், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியம் செய்தார். 1894இல் அது நூலாக வந்தது.

பனியன் கதையின் போக்கைக் கவனியுங்கள். பாவச் சுமையோடு கிளம்பும் யாத்திரிகனுக்குச் சிலுவையருகே சுமை கழன்று விழுகிறது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் பயணத்தில் பெரும்பகுதி இனிமேல்தான். மலையேறும்போது அயர்ந்து தூங்கித் தன் சுருளைத் தவறவிடுகிறான். கால் நோகாத பாதையென்று வேலி தாண்டிப் போய், விரக்தி என்னும் அரக்கனின் கோட்டையில் அடைபடுகிறான். சிறைக் கதவின் சாவியோ அவன் மடியிலேயே இருந்திருக்கிறது. இத்தனை இடறலிலும் பழைய சுமை திரும்ப முதுகில் ஏறவில்லை.

யோவானின் இரு அதிகாரங்களும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இடறவே மாட்டேன் என்பவனுக்கு முதல் அதிகாரம். பாவத்திலேயே குடியிருந்துகொண்டு, அதனால் என்ன என்பவனுக்கு மூன்றாவது. இரண்டுக்கும் நடுவில், தவறிவிட்டவனுக்காகப் பரிந்து பேச ஒருவர் உண்டென்கிற இரண்டாவது. அந்தத் தாய்க்கு நான் முதலில் வாசித்துக் காட்டுவது இதைத்தான். போன ஞாயிறு மன்னிப்பின் வார்த்தையைக் கேட்ட சபைதானே இந்த ஞாயிறும் முழங்காலிட்டுப் பாவ அறிக்கை செய்கிறது?

இருதயத்தைப் பற்றிய முரணை, பனையை அறிந்த உடன்குடிக்காரர்களுக்கு விளக்க அதிகம் பேச வேண்டாம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாத கலயத்தில் அதே பாளை தருவது கள். எரேமியா சொல்வது, தன்போக்கில் விட்ட இருதயத்தை. எசேக்கியேல் 36 புதிய இருதயத்தை வாக்களிக்கிறது. பத்சேபாள் விஷயத்தில் அத்தனை கேடு செய்த தாவீதும் 51ஆம் சங்கீதத்தில் கழுவக் கேட்பதோடு நிற்கவில்லை. சுத்த இருதயம் ஒன்றைப் படைத்துத் தரவும் கேட்கிறான்.

ஆனால் எல்லா முரணும் இப்படி அடங்கிவிடாது. யாத்திராகமம் 8இல், தவளைகள் ஒழிந்ததும் பார்வோன் தன் இருதயத்தைத் தானே கடினப்படுத்துகிறான். 9இல், கொப்புளங்கள் வந்தபோது கடினப்படுத்தியவர் கர்த்தர். முதலில் அவன், பிறகுதான் கர்த்தர் என்று சமாதானம் சொல்வார்கள். அப்படிச் செய்யப்போவதைக் கர்த்தர் 4ஆம் அதிகாரத்திலேயே மோசேயிடம் சொல்லிவிடுகிறாரே! ரோமர் 9இல் பவுலும் இந்தப் பார்வோனை எடுத்துப் பேசி, குயவனையும் களிமண்ணையும் காட்டி நம்மையே திருப்பிக் கேட்கிறார். பிரசங்க பீடத்தில் இதை இலகுவாக்கிக் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை. ஓய்வுநாள் பள்ளியில் இதைக் கேட்கும் பிள்ளையை அவிசுவாசி என்று அதட்டி உட்காரவைக்கவே கூடாது. யோபு கேட்டிருக்கிறார், ஆபகூக் கேட்டிருக்கிறார். கேட்டதற்காக அவர்களை வேதத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை.