திரும்பி வந்த மருந்து

(நூற்றாண்டு விழாவில் 1986 உயர்தர வகுப்பினர் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு 2019இல் இலண்டனில் கடும் மைலோயிட் குருதிப் புற்றுநோய் என்று சொன்னார்கள். வயது 52. வழமையான மருந்துகளோடு ஜெம்டுசுமாப் என்றொன்றையும் ஏற்றப்போவதாக வைத்தியர் சொன்னார். அன்றிரவே பிள்ளைகள் இணையத்தில் தேடிவிட்டு, "2010இல் மீளப்பெற்ற மருந்தாம், அம்மாவுக்கு வேண்டாம்" என்று எங்களுக்கு எழுதினார்கள். எங்களில் இருவர் வைத்தியர்கள். அப்படியிருந்தும் ஒரு நாள் முழுக்கப் படித்துத்தான் பதில் சொன்னோம்.

அந்த மருந்தில் இரண்டு பகுதி. ஒன்று, புற்றுக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள சீடி33 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் பிறபொருளெதிரி. மற்றது, அதோடு பிணைத்த கலிக்கியமைசின் என்ற நஞ்சு. ரெக்சாஸ் மண்ணில் கண்டெடுத்த பற்றீரியா ஒன்றிலிருந்து வந்தது. தனியே கொடுத்தால் உடம்பு தாங்காது. கலம் பிறபொருளெதிரியை விழுங்கியதும் உள்ளேயுள்ள அமிலத்தில் பிணைப்பு அறும், நஞ்சு டி.என்.ஏயின் இரண்டு இழைகளையும் வெட்டும். எங்கள் விலங்கியல் ரீச்சர் இருந்திருந்தால் கரும்பலகையில் கீறியே காட்டியிருப்பார்.

2000இல் அமெரிக்கா அனுமதித்த அளவு, உடற்பரப்பில் சதுர மீற்றருக்கு 9 மில்லிகிராம், 14 நாள் இடைவெளியில் இருமுறை. சிலருக்கு ஈரல் நாளங்கள் அடைபட்டன. பிறகு நடந்த ஆய்வொன்றில் மேலதிக நன்மை தெரியவில்லை, ஆரம்ப இறப்புகள்தான் கூடின. மீளப்பெற்றார்கள்.

பிரான்ஸ் வைத்தியர்கள் கைவிடவில்லை. 50 முதல் 70 வயதுவரையான நோயாளருக்கு, மற்ற மருந்துகளோடு 3 மில்லிகிராம் வீதம் 1ஆம், 4ஆம், 7ஆம் நாள்களில் கொடுத்துப் பார்த்தார்கள். கலத்துக்குள் போன சீடி33 சில நாளில் மேற்பரப்பில் மறுபடி தோன்றும் என்பதால் பிரித்துக் கொடுப்பதே பொருத்தம். நோய் திரும்பாதிருந்த காலம் நீண்டது. 2017இல் அமெரிக்காவில் மீண்டும் அனுமதி கிடைத்தது.

எல்லோருக்கும் இது உதவாது. நிறமூர்த்தச் சோதனை பாதகமாக வந்தவர்களுக்குப் பலன் மிகக் குறைவு. ஆகவே பிள்ளைகளை மூன்று கேள்வி கேட்கச் சொன்னோம்: என்ன அளவு? நிறமூர்த்த முடிவு என்ன? ஈரலை எப்படிக் கவனிப்பீர்கள்? பதில்கள் திருப்தியாக இருந்தன. அவளுடையது சாதகமான வகை. அம்மாவே "ஏற்றுங்கோ" என்று சொல்லிவிட்டாள்.

முடி கொட்டியது, காய்ச்சலோடு கிழமைக்கணக்கில் தனி அறையில் கிடந்தாள். இப்போது இணையவழியில் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் நீட்டினால் இரவு தொலைபேசியில் ஏசுவாள்.