பெயர் யார் கையில்?



மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்ட இடம் மலாக்கா. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பின்னர் பெருகிய தோட்டங்களில் தமிழர் குடியிருந்த லயத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. தோட்டம் கைமாறியபோது பல இடங்களில் வீடு போனது. முகவரியும் அதோடு போனது.

இன்று ஜாசினிலோ அலோர் காஜாவிலோ மசாலைத்தூள் விற்கும் குடும்பம் இணையத்தில் கடை திறக்கும்போதும் இதே கதை நடக்கிறது. கிளவுட் நிறுவனத்தில் இடம் எடுத்தால், அதுவே நீளமான ஓர் இலவசப் பெயரைத் தரும். அது லயத்து வீட்டு எண் மாதிரி. நிறுவனத்தை விட்டு வந்தால் பெயரும் கூட வராது.

ஆகவே சொந்தப் பெயரைத் தனியாகப் பதிய வேண்டும். டாட் மை பெயர்களுக்குப் பதிவகம் மைனிக். அதன் முகவர்களிடம் வாங்கலாம். டாட் காம் டாட் மை வேண்டுமென்றால் வணிகப் பதிவு தேவை.

பிறகு இணைப்பு. பெயர் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் 'ஏ' என்ற வரியில் கிளவுட் கணினியின் எண் முகவரியை எழுதவேண்டும். மூன்று டபிள்யூ சேர்ந்த வடிவத்துக்கு 'சிநேம்' வரியில் நிறுவனம் கொடுத்த பெயர். அவ்வளவுதான். உடனே தெரியாது, வழியிலுள்ள கணினிகள் பழைய விடையைச் சில மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். அதற்குள் பதறி மாற்றி மாற்றி எழுதுவோர்தான் அதிகம். மின்னஞ்சலுக்குரிய 'எம்எக்ஸ்' வரியை மட்டும் தொடக்கூடாது. தொட்டால் தளம் வரும், கடிதம் நின்றுவிடும்.

இந்தப் பட்டியல் எவ்வளவு முக்கியம்? 2013 அக்டோபரில் கூகிளின் மலேசிய முகவரியைத் தட்டியவர்கள் வேறொரு பக்கத்தைப் பார்த்தார்கள். கூகிள் கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயர் காட்டிய திசையை யாரோ திருப்பிவிட்டார்கள்.

சிறு கடைக்கும் ஆலயத்துக்கும் வரும் தொல்லை இன்னும் சாதாரணமானது. தளம் செய்துகொடுத்த தம்பியின் பெயரிலேயே டொமேன் பதிவாகியிருக்கும். தம்பி வேலைக்குச் சிங்கப்பூர் போய்விடுவார். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போகும். கெடு முடிந்தால் பெயரை வேறு யாரும் வாங்கலாம். ஆலயத்தில் செயலாளர் மாறும் நாளில், கணக்குப் புத்தகத்தோடு டொமேன் கடவுச்சொல்லும் புதியவர் கைக்கு வரவேண்டும்.