கூலி நோட்டில் இன்னொரு பக்கம்



நாற்று விட்ட தேதி, உரம் வைத்த தேதி, ஆள் கூலி எல்லாவற்றையும் நோட்டுப் போட்டு எழுதுகிறீர்கள். வேலையில் யாருக்கு அடிபட்டது, யாருக்கு உடம்பு முடியாமல் போயிற்று என்று எழுதுகிறீர்களா? "மருந்து அடிச்சா தலை வலிக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விடக்கூடாது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சி மருந்துகள் நரம்பைத் தாக்குபவை. மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும். முதல் பாதிப்பு ஆறுவதற்குள் மறுபடி அடித்தால் பாதிப்பு கூடிக்கொண்டே போகும். திங்கட்கிழமை தலைவலி, வியாழக்கிழமை குமட்டல், அடுத்த வாரம் மயக்கம். தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லை போலிருக்கும். வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் ஆபத்து புரியும்.

2017ஆம் ஆண்டு மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அந்த நிலை நமக்கு வேண்டாம்.

என்ன எழுதுவது? தேதி, நேரம், ஆள் பெயர், வயது, செய்த வேலை, உடம்புக்கு என்ன செய்தது, எந்த ஆஸ்பத்திரி, என்ன சிகிச்சை. மருந்தென்றால் கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது. டப்பாவில் உள்ள ரசாயனப் பெயரையும் முக்கோணத்தின் நிறத்தையும் எழுதுங்கள். சிவப்பு முக்கோணம் மிகக் கொடிய விஷம். இரண்டு மூன்றைக் கலந்திருந்தால் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஏனென்றால் நான் முதலில் சொன்ன மருந்துகளுக்கு டாக்டர் அட்ரோபின் ஊசி போடுவார். பாராகுவாட் களைக்கொல்லிக்கோ முறிவு மருந்தே கிடையாது. பெயர் தெரிந்தால் வைத்தியம் தாமதமாகாது.

ஆனால் முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள். நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, 108க்குச் சொல்லுங்கள். டப்பாவையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். எழுத்து அப்புறம்.

அரிவாள் வெட்டு, கதிரடிக்கும் மெஷினில் பட்ட காயம் என்றால் டிடி ஊசி போட்ட தேதியையும் குறியுங்கள். அடுத்த முறை அடிபடும்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொரு முக்கிய விஷயம். ஒரு தடவை எழுதியதோடு மூடி வைக்காதீர்கள். சில பூச்சி மருந்துகளால் விஷம் ஏறிப் பிழைத்தவருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் மரத்துப் பலவீனம் வருவதுண்டு. ஆகவே வாரம் ஒரு முறை விசாரித்து, அதே இடத்தில் தேதி போட்டுச் சேர்த்து எழுதுங்கள்: எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை, முழுசாகக் குணமாயிற்றா என்று. குணமாகாதவரை மறுபடி தெளிப்பானைத் தூக்க விடாதீர்கள்.

"எழுதி வைத்தால் நாளைக்கு நம் தலையில் விடியுமோ" என்று சிலர் பயப்படுவார்கள். மறைத்தால்தான் வீண் பேச்சு வளரும். அன்றே எழுதியது உங்களுக்கும் சாட்சி, அந்தத் தொழிலாளி நிவாரணம் கேட்டு மனுப் போடவும் உதவி.

இன்றே கூலி நோட்டின் கடைசியில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். மாதம் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஒரே வேலையில், ஒரே மருந்தில் திரும்பத் திரும்ப ஆள் விழுந்தால் அந்த முறையை மாற்றுங்கள். பயிர் போனால் அடுத்த பட்டத்தில் எடுக்கலாம். ஆள் போனால் எடுக்க முடியாது.