மொழியியல் முனைவர் பட்டம்: புகுமுன் எண்ண வேண்டியவை



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில் முனைவர் பட்ட விண்ணப்பம் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். ஆயினும், தமிழ் முதுகலை முடித்து, கவிதையும் எழுதி, மொழியியல் பக்கம் ஆவலோடு திரும்பும் இளைஞர்கள் இத்தகைய வட்டங்களிலிருந்தே மிகுதியும் வருகின்றனர். அவர்கள் ஆய்வில் செலவிடப்போவது மூன்றாண்டு முதல் ஆறாண்டு வரையிலான காலம். தேர்வு பிழைத்தால் இளமையின் நல்ல பகுதி கைவிட்டுப் போகும். ஆகவே இது வட்டத்தின் கவலையும் ஆகும்.

கவிஞர் அவைக்கு ஏ. கே. இராமானுசனின் வாழ்வு பொருத்தமான சான்று. மைசூரில் பிறந்து, வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசி, கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். புணே தக்காணக் கல்லூரியில் மொழியியல் பட்டயம் பெற்ற பின் அமெரிக்கா சென்று, இந்தியானா பல்கலைக்கழகத்தில் கன்னட இலக்கணம் பற்றி ஆய்ந்து, 1963இல் மொழியியல் முனைவரானார். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை. அந்தச் சந்திப்பின் விளைவாக, 1967இல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வந்தது. மொழியியல் கற்றால் கவிதை வற்றிவிடும் என்று அஞ்சுவோர்க்கு இவ்வொரு வாழ்வே விடையாகும்.

எனினும் மயக்கம் ஒன்றையும் தொடக்கத்திலேயே களைய வேண்டும். தமிழ்ப் பற்று மட்டுமே மொழியியல் ஆய்வுக்குத் தகுதியாகிவிடாது. இத்துறையில் தமிழுக்கு உயர்ந்த இருக்கையும் தோடர் மொழிக்குத் தாழ்ந்த இருக்கையும் இல்லை. தமிழின் சிறப்பை நிறுவவேண்டும் என்று முடிவை முன்னரே வைத்துக்கொண்டு வருபவர் சான்றுகளை வளைக்கத் தொடங்குவார்; அல்லது இரண்டாம் ஆண்டிலேயே மனம் உடைந்து வெளியேறுவார். தரவு தன் முடிவுக்கு எதிராகப் பேசினாலும் கேட்கும் துணிவு உள்ளவர்க்கே இத்துறை இடம் தரும்.

ஆதலின் முதலில் தேட வேண்டியது வினா. பல்கலைக்கழகம் அதன் பின்னரே. "தமிழ் ஏன் இனிமையானது?" என்பது ஆய்வு வினா ஆகாது. தென்மாவட்டப் பேச்சில் "வந்தாக" என்னும் மரியாதை வடிவம் எவ்வயதினரிடம் நிலைத்துள்ளது, எவரிடம் "வந்தாங்க" என மாறுகிறது, அம்மாற்றத்தில் கல்விக்கும் இடப்பெயர்ச்சிக்கும் என்ன பங்கு என்பது ஆய்வு வினா. இதற்குக் களம் உண்டு, தகவலாளர் உண்டு, விடை பிழையாகவும் கூடும். பிழைபடக்கூடிய விடையைத் தேடும் வினாவே ஆய்வுக்கு உரியது.

வினா தெளிந்தபின் துறை தானே புலப்படத் தொடங்கும். திராவிட மொழி ஒப்பீட்டிலும் பழங்குடி மொழிகளின் இலக்கண ஆக்கத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு நெடிய மரபு உண்டு. 1969இல் மைசூரில் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பத்தாயிரம் பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டத்தை 2013 முதல் மேற்கொண்டது. தொடரியல் கோட்பாட்டை நாடுவோர் தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தையும், ஐதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்தையும் கருதலாம். கணினியும் மொழியும் சேரும் ஆய்வுக்கு ஐதராபாத்திலேயே வேறு கூடங்கள் உள்ளன. பெயர்பெற்ற துறை என்பதற்காகவே ஒலியியல் ஆர்வலர் ஒலியியல் ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் சேர்வது, நெசவு கற்க விரும்பியவர் தறியில்லா வீட்டுக்குப் போவது போன்றது.

துறையினும் முதன்மையானவர் நெறியாளர். அவர் அண்மையில் எழுதிய கட்டுரைகளை மாணவர் படித்திருக்க வேண்டும். அவரிடம் ஆய்ந்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தனர், இன்று எங்குள்ளனர், களப்பணிக்கு உதவி கிடைத்ததா என்று முன்னாள் மாணவர்களிடம் தனித்துக் கேட்பதில் பிழையில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப்பேராசிரியர் 6 பேரையும், உதவிப்பேராசிரியர் 4 பேரையும் நெறிப்படுத்தலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை ஏற்க இயலாது. எனவே மனத்தில் கொண்ட ஆசிரியரிடம் இடம் உள்ளதா என்பதை முன்னரே அறிதல் வேண்டும்.

அதே விதிகள் ஆய்வுக்காலத்தைக் குறைந்தது மூன்றாண்டு, மிகுந்தது ஆறாண்டு என வரையறுக்கின்றன. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக இரண்டாண்டு தரலாம். மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாகப் பெண்கள் 240 நாள்வரை பெறலாம். திருமணமும் மகப்பேறும் குறுக்கிட, பாதியில் ஆய்வை விட்ட பெண்கள் எத்தனையோ பேர். தங்களுக்கு உரிய இச்சலுகையைக் கேட்டுப் பெற அவர்கள் தயங்கலாகாது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை இவ்விதிகள் நிறுத்திவிட்டதால், முன்பு அந்த ஓராண்டில் கிடைத்த பயிற்சியை மாணவர் இப்போது தாமே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.

நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண் 2024 ஜூன் தேர்வு முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் கருதப்படுகிறது. அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோர்க்கு, 2023 முதல் நடைமுறைக்கு வந்த அளவின்படி, மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். பொருள்வளம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இத்தொகை ஆய்வைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதையே தீர்மானிக்கும்.

வெளிநாடு செல்ல எண்ணுவோர் ஓராண்டு முன்னரே தொடங்க வேண்டும். அமெரிக்கத் துறைகள் பலவற்றில் விண்ணப்ப இறுதி நாள் திசம்பரிலோ சனவரியிலோ அமையும். நோக்க உரை, ஆய்வெழுத்து மாதிரி, மூவர் பரிந்துரை என்பன பொதுவாகக் கேட்கப்படும். நோக்க உரையில் "சிறு வயது முதலே தமிழ்மேல் காதல்" என்று தொடங்கும் பத்தியை நீக்கிவிடுதல் நன்று. எந்த வினா, எந்தத் தரவு, அத்துறையில் எந்த ஆசிரியர், ஏன் என்பதையே படிப்போர் தேடுவர். பரிந்துரைப்பவரும் பெரும் பதவியாளராக இருப்பதைவிட மாணவரின் எழுத்தைத் திருத்தியவராக இருத்தலே சிறப்பு. கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி என்பதை எழுத்தில் பெறாமல் எங்கும் ஒப்புதல் தரலாகாது. உதவித்தொகையோடு இடம் தரும் துறைகளுக்கு விடைகூற ஏப்ரல் 15 வரை காலம் தரும் உடன்பாட்டை அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்றுள்ளன. அவசரப்படுத்தினால் அதை நினைவூட்டலாம்.

இறுதியாக, பிழைப்பு. மொழியியல் துறைகள் சிலவே. அவற்றில் பணியிடங்கள் அதனினும் சில. தமிழ்த்துறைப் பணிக்கு முதுகலைப் பாடமும் தகுதித் தேர்வுப் பாடமும் கருதப்படும். ஆகவே தமிழ் முதுகலையர் தமிழில் தகுதித் தேர்வையும் முடித்து வைத்துக்கொள்வது அறிவுடைமை. அகராதிப் பணி, மொழிபெயர்ப்பு, கணினித் தமிழ் ஆகியவையும் வாயில்களே. இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் அவ்வினா ஒருவரை உறங்கவிடாது வைத்திருந்தால் அவர் போகலாம். வேலை கிடைக்கும்வரை ஒதுங்க ஓர் இடம் என்று எண்ணுபவர் போகவேண்டா.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நீலகிரியின் தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் மிக நெருக்கடியான நிலையில் உள்ளவையாக யுனெஸ்கோ குறித்துள்ளது. 1930களில் அங்குச் சென்ற எமனோ அம்மக்களின் பாடல்களையும் கதைகளையும் எழுதி வைத்ததால்தான் அக்காலப் பேச்சு இன்று கிடைக்கிறது. தமிழின் வட்டார வழக்குகளிலும் சொற்கள் மறைந்துகொண்டே உள்ளன. வட்டத்திலிருந்து ஒரு மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு முதியோரின் திண்ணைக்கு வரும்போது, அவரை நம்பி அமரச் செய்து, திருந்திய தமிழில் அல்லாமல் வீட்டுத் தமிழிலேயே பேசுங்கள். அவருடைய ஆய்வேட்டின் முதல் பக்கம் அந்தத் திண்ணையில்தான் எழுதப்படுகிறது.

வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் காண்க.